அத்தானின் 4.8

அன்புள்ள கதிருக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். பி.எஸ்.ஏ. 4.8 என்று தடித்த எழுத்தில் போட்டு, பக்கத்தில் 'அதிகம்' என்பதற்கு ஒரு 'ஹெச்'. அந்த ஓர் எழுத்துக்காக நீயும் தூங்கவில்லை, அக்காவையும் தூங்கவிடவில்லை.

ரிப்போர்ட்டில் உள்ள '0 முதல் 4 வரை' என்ற கணக்குக்கு உன் அப்பாவான அத்தானின் வயது 72 என்பது தெரியாது. எல்லா ஆண்களுக்கும் அங்கே ஒரே கோடுதான். பி.எஸ்.ஏ. என்பது புற்றுநோய் மட்டும் சுரக்கும் பொருள் அல்ல. நல்ல புராஸ்டேட் சுரப்பியும் சுரப்பதுதான். வயதாக ஆகச் சுரப்பி பெரிதாகும், ரத்தத்தில் கசிவதும் கூடும். 1993-ல் மின்னசோட்டாவில் ஊஸ்டர்லிங் குழுவினர் ஆரோக்கியமான ஆண்களை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்து, நாற்பதுகளில் 2.5, ஐம்பதுகளில் 3.5, அறுபதுகளில் 4.5, எழுபதுகளில் 6.5 வரை இருக்கலாம் என்றார்கள். பிறகு ஜப்பானியர்களிடம் பார்த்தபோது அது 2, 3, 4, 5 என்று இறங்கியது. சீன ஆண்களிடமும் வயதோடு ஏறும் இதே போக்குதான். அளவுகள் பொதுவாக வெள்ளையரைவிடக் குறைவு. மின்னசோட்டா, ஜப்பான் என்ற இரண்டு வயதுக் கணக்கிலும் அத்தான் உள்ளேதான் இருக்கிறார். இதே 4.8 உன் ஆபீசில் 45 வயதுக்காரர் ஒருவருக்கு வந்திருந்தால், உடனே டாக்டரிடம் போகச் சொல்லியிருப்பேன்.

அதற்காக 'விட்டுத் தள்ளு' என்று சொல்ல வரவில்லை. வயதானவர்களுக்குக் கோட்டை உயர்த்தி வைத்தால் சில கட்டிகள் கண்ணில் படாமல் நழுவிவிடும் என்று இந்த அட்டவணைகளைக் குறை சொல்லும் மருத்துவர்கள் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. உங்கள் பெங்களூரில் கித்வாய் மருத்துவமனை 1982 முதல் புற்றுநோய்ப் பதிவேடு வைத்திருக்கிறது. ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களின் வரிசையில் புராஸ்டேட்டும் அங்கே இடம் பிடித்திருக்கிறது.

ஆனால் நீ கேட்ட கேள்வி, 'திங்கட்கிழமையே பயாப்சி வைத்துக்கொள்ளலாமா?' என்பது. வேண்டாம். ரத்தம் கொடுப்பதற்கு முந்தின வாரம் அத்தானுக்கு நீர்க்கடுப்பு என்று அக்கா சொன்னாள். அது ஒன்று போதும், எண்ணைத் தூக்கிவிட. தொற்று அடங்கி ஆறேழு வாரம் கழித்து, அதே லேபில் திரும்ப எடுங்கள். அதற்கு முந்தின இரண்டு மூன்று நாள் சைக்கிள் வேண்டாம். ஃபினாஸ்டெரைட், டுடாஸ்டெரைட் என்று ஏதாவது மாத்திரை போடுகிறாரா என்று பார். அவை நாளடைவில் பி.எஸ்.ஏ.வைப் பாதியாக்கிவிடும், அப்படியானால் 4.8-ஐ 9.6 என்று படிக்கவேண்டும், என் பேச்சும் மாறும். திரும்ப எடுத்தும் ஏறியிருந்தால் யூராலஜிஸ்டைப் பாருங்கள். அவர் விரலால் தொட்டுப் பார்த்து, தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எழுதுவார். பயாப்சி அதற்குப் பிறகுதான். சிறுநீரில் ரத்தம், விடாத எலும்பு வலி என்றால் மட்டும் ஆறு வாரம் காத்திருக்காதே.

அவசரப்படாதே என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எழுபது தாண்டியவர்களுக்கு இந்தச் சோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றே அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2018-ல் சொன்னது. இந்த வயதில் கண்டுபிடிக்கப்படும் கட்டிகளில் பல, ஆயுள் முழுக்கத் தொந்தரவே தராதவை. அவற்றைத் துரத்திப் போய் அறுத்து, சிறுநீரை அடக்க முடியாமல் அவதிப்படுபவர்கள் உண்டு. புராஸ்டேட்டின் இந்த வகைப் புரதத்தை 1970-லேயே ஆராய்ந்து எழுதிய ரிச்சர்ட் ஆப்ளின், எல்லோருக்கும் இதை எடுப்பதை எதிர்த்து 2010-ல் பத்திரிகையில் கடுமையாக எழுதினார். செக்கப் பேக்கேஜ் விற்பவர்களுக்கு அது ரசிக்காது, என்ன செய்ய!

உன் கம்பெனி செக்கப்பிலும் பி.எஸ்.ஏ. சேர்த்திருக்கிறார்கள் என்றாயே, 31 வயதில் உனக்கு அது தேவையில்லை. அத்தானுக்கு நிஜமாகவே புற்றுநோய் என்று தெரியவந்தால் மட்டும், நாற்பதைத் தாண்டியதும் டாக்டரிடம் பேசு.

இந்த ஒரு தாளைவிட எனக்கு முக்கியம் பழைய தாள்கள். நாலு வருஷத்துக்கு முன் 4.3 இருந்து இப்போது 4.8 என்றால் ஒரு கதை, 1.5 இருந்தது என்றால் வேறு கதை. கண் ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரிப்போர்ட்டெல்லாம் அக்காவின் பீரோவில் இருக்கும். தேடி, தேதி தெரியும்படி போட்டோ எடுத்து அனுப்பு.

அன்புடன்,
மாமா