குறும்படக் கருவை வகுப்பில் எடுத்துரைத்த பின்

காட்சித் தொடர்பியல் மாணவர் தம் குறும்படக் கருவை வகுப்பில் எடுத்துரைத்த அன்றே, நினைவு மங்குமுன், சக மாணவர் கேட்ட கேள்விகளை அவர்களுடைய சொற்களிலேயே குறிப்பேட்டில் எழுதிவைப்பது நல்லது; பாராட்டைக் காட்டிலும் கேள்வியே கருவின் இடைவெளியைத் தெளிவாகக் காட்டும். ‘பாட்டி ஏன் அந்தக் கடிதத்தைப் பிரிக்கவேயில்லை?’ என்று இருவர் கேட்டிருந்தால், திருத்த வேண்டியது கதைச்சுருக்கத்தை, அதாவது கதையின் போக்கை ஓரிரு பத்திகளில் சொல்லும் எழுத்தை. செயலினூடே எண்ணித் திருத்திக்கொள்வதையும், செயல் முடிந்தபின் திரும்ப எண்ணிப் பார்ப்பதையும் அமெரிக்க அறிஞர் டொனால்டு ஷோன் 1983இல் வெளியான தம் நூலில் வேறுபடுத்திக் காட்டினார்; ஆகவே, பேசிக்கொண்டிருக்கையில் எந்த இடத்தில் விளக்கத்தை மாற்ற நேர்ந்தது என்பதையும் தனியே குறித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் சொன்ன மாற்றத்தை இரண்டு நாள் ஆறப்போட்டு முடிவு செய்யலாம்.