அண்ணன் அனுப்புற பணம் எங்கே போகுது? ஒரு ஆவுடையார்கோவில் கணக்கு

வெளிநாட்டில் இருக்கும் உங்க அண்ணன் அனுப்புற பணம் உங்க அக்கவுண்ட்டுக்கு வருதா? அப்போ இந்தக் கணக்கு உங்களுக்குத்தான்.

2023-24இல் இந்தியாவுக்கு இப்படி வந்தது சுமார் 11,870 கோடி டாலர். ரிசர்வ் வங்கி சர்வேப்படி அதில் தமிழ்நாட்டின் பங்கு 10.4%. பெரிய பணம்தான்.

இப்போ ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு குடும்பத்தை எடுத்துக்குவோம். கண்மாய் நிறைஞ்சாத்தான் வெள்ளாமை. மூத்தவர் சிங்கப்பூர் போக 3 லட்சம் கடன், நூத்துக்கு ரெண்டு வட்டி. மாசம் 20,000 கட்டினா கடன் தீர 18 மாசம் ஆகும். கையில் இருப்பதோ 2 வருஷ பர்மிட். வீட்டுக்குன்னு மிஞ்சுறது கடைசி 6 மாசச் சம்பாத்தியம். (அதே 3 லட்சம் 9% நகைக்கடனா இருந்தா 16 மாசம், வட்டி 60,000க்குப் பதில் 20,000க்குள் முடிஞ்சிருக்கும்.) இன்னொன்று, பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. மீதி எதுக்குன்னு ரசீது கேளுங்க.

பர்மிட் நீட்டிச்ச பிறகுதான் வீடு எழும்பும். கொத்தனாருக்கு வேலை, சிமென்ட் கடைக்கு வியாபாரம். வளர்ச்சின்னு இதைச் சொல்றது பொய்யில்லை. ஆனா வீடு முடிஞ்சதும் அந்த வேலையும் நின்னுடும். அடுத்து வர்ற பணம் தம்பியோட ஏஜெண்ட் ஃபீஸுக்குப் போகும். வெளிநாட்டுப் பணம் வந்தா மத்தவங்க ஊர்லயே தங்கிடுவாங்கன்னு நினைக்கிறோம். ஆரம்ப வருஷங்களில் நடப்பது பெரும்பாலும் நேரெதிர். முன்னாடி ஆசை மட்டும் இருந்தவருக்கு இப்போ டிக்கெட் காசும் இருக்கு.

உங்க விஷயத்துக்கு வருவோம். அண்ணன் உங்களுக்கு அனுப்புற பணம் எவ்வளவானாலும் உங்களுக்கு வரி கிடையாது. ஆனா அதை உங்க பேரில் எஃப்டி போட்டா வட்டி உங்க வருமானம், உங்க ஸ்லாப்பில் வரி. அவரோட என்ஆர்இ அக்கவுண்ட்டிலேயே எஃப்டியா இருந்தா வட்டிக்கு இங்கே வரி இல்லை. பணமும் அவர் பேரிலேயே இருக்கும்.

இந்தக் கடைசி விஷயம் வரியை விடப் பெருசு. திரும்பி வந்த அண்ணன் "நான் அனுப்பினதெல்லாம் எங்கேடா?"ன்னு கேட்டு, பேச்சுவார்த்தையே நின்னுபோன குடும்பங்களை என் ஆபீஸில் பார்த்திருக்கேன். எவ்வளவு வந்துச்சு, எதுக்குப் போச்சுன்னு எக்செல்ல எழுதி, மாசாமாசம் அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிடுங்க. இந்த மாசத்துலேருந்தே.