மாட்டுக் கொட்டகை: மரத்தூண்களைச் சிமெண்ட் தரையில் நிறுத்தும் முறை

மாட்டுக் கொட்டகைக்குச் சிமெண்ட் தரை போடும்போது மரத்தூண்களைக் காரைக்குள் புதைத்துவிடும் வழக்கம் பல ஊர்களில் உள்ளது. தூண் அசையாமல் நிற்பதால் உறுதியான வேலை என்றே தோன்றும். ஆனால் நாளடைவில் தரைமட்டத்தில் மரம் இற்றுவிடுகிறது. பெருங்காற்றில் அவ்விடத்தில் முறிந்து, கூரை கால்நடைகளின் மேல் விழுகிறது.

தூண் இற்றுப்போவது ஏன்?

மரத்தை அரிக்கும் பூசணம் வளர ஈரமும் காற்றும் தேவை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்திற்குக் குறைவாக இருந்தால் பூசணம் வளர்வதில்லை. மரம் காய்ந்து சுருங்கும்போது காரைக்கும் அதற்கும் இடையே இடுக்கு விழுகிறது. மாட்டு மூத்திரமும் தரை கழுவும் நீரும் அதில் இறங்கித் தங்க, தூணின் அடிவெட்டு அதனை உறிஞ்சுகிறது. கறையானும் அவ்வழியே ஏறும். வைரம் பாய்ந்த மரம் சற்று அதிக காலம் தாங்கும். சவுக்கும் தைலமரமும் விரைவில் கெடும்.

ஆகவே, மரம் தரையைத் தொடக்கூடாது. ஆனால் தரையோடு பிணைந்திருக்க வேண்டும்.

செய்முறை

1. தூண் நிற்குமிடத்தில் 45 செ.மீ. சதுரத்தில் 60 செ.மீ. ஆழக் குழி எடுக்கவும்.

2. 50 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனமுள்ள இரண்டு இரும்புப் பட்டைகளை 65 செ.மீ. நீளத்தில் வெட்டி, அடியில் 5 செ.மீ. வெளிப்புறமாக வளைக்கவும். தூணின் கனத்திற்கு ஏற்ற இடைவெளியில் நிறுத்தி, நடுவே ஒரு தகட்டைப் பற்றவைக்கவும். தூண் இத்தகட்டின் மேல் உட்காரும்.

3. குழியில் 1:2:4 கான்கிரீட் இட்டு, தரைக்கு மேல் 15 செ.மீ. மேடையாக உயர்த்தவும். பட்டைகள் 30 செ.மீ. உள்ளே புதைந்து, தகடு மேடைக்கு 2.5 செ.மீ. மேலே நிற்க வேண்டும். நீர் வடிய மேடையின் மேற்புறத்தைச் சரிவாகப் பூசவும்.

4. ஈரச்சாக்கு போர்த்தி 10 நாட்கள் நனைத்து வந்தபின், தூணை நிறுத்தி 12 மி.மீ. போல்ட் இரண்டால் முடுக்கவும்.

5. இவ்வாறு நிறுத்திய தூண் பக்கவாட்டில் சாயக்கூடும். எனவே தூணும் உத்திரமும் சேருமிடத்தில் இரு திசையிலும் சாய்கட்டை கொடுப்பது அவசியம். உத்திரத்தையும் தூணோடு பட்டையால் பிணைக்கவும்.

இவ்வளவு கனம் எதற்கு?

தகரக் கூரையைக் காற்று மேலே தூக்கும். மணிக்கு 100 கி.மீ. வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ. ஒரு தூண் 6 சதுர மீட்டர் கூரையைத் தாங்கினால் ஏறத்தாழ 280 கிலோ இழுவிசை வரும். மேற்சொன்ன குழியின் கான்கிரீட் சுமார் 290 கிலோ எடையுள்ளது. 2018 நவம்பரில் வீசிய கஜா போன்ற புயல்களுக்கு இது போதாது. கடலோர மாவட்டங்களில் குழியை 60 செ.மீ. சதுரமாக எடுத்தால் 500 கிலோவுக்கு மேல் கிடைக்கும்.

ஏற்கெனவே தரை போட்டிருந்தால்

10 செ.மீ. கனமுள்ள தரையில் துளையிட்டு போல்ட் அடித்தால் தரை பெயர்ந்து வந்துவிடும். தூணிருக்கும் இடத்தில் மட்டும் தரையை வெட்டி, மேற்கண்டவாறு குழி எடுப்பதே நலம். வேலை முடியும்வரை உத்திரத்திற்கு முட்டுக் கொடுக்க மறவாதீர்கள்.

பராமரிப்பு

சாணமும் மூத்திரமும் இரும்பை அரிக்கும். துத்தநாகம் பூசிய பட்டை சிறந்தது. இல்லையேல் ஆண்டுதோறும் வண்ணம் பூசவும். தூணில் பழைய எஞ்சின் எண்ணெய் பூசாதீர்கள்; மாடுகள் நக்கினால் நஞ்சாகும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, புதைத்த தூண்களைத் தரைமட்டத்தில் கத்தி முனையால் குத்திப் பாருங்கள். முனை எளிதில் இறங்கினால் அத்தூணைக் காலதாமதமின்றி மாற்றிவிடுங்கள்.