சூடு என்று சொல்லிச் சும்மா இருக்கலாமா?

நம் கிராமங்களில் ஆண்மகன் ஒருவருக்குச் சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் கண்டால், 'சூடு பிடித்துக்கொண்டது' என்று சொல்வது வழக்கம். உடனே இளநீர் பருகுவார், நீர்மோர் குடிப்பார், தொப்புளிலும் கால் பெருவிரலிலும் விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார். வெயிலில் நின்று உழைத்துப் போதிய நீர் பருகாதவருக்கு உண்டாகும் எரிச்சல், இவ்வளவில் தணிந்து விடுவதும் உண்டு. ஆதலால் இவ்வழக்கத்தைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆனால் எரிச்சலோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்து, சிறுநீர் துளித் துளியாக இறங்கி, விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியில் வலியும் கண்டால், அது வெறும் சூடு அன்று. புராஸ்டேட் என்னும் சுரப்பியில் கிருமி புகுந்ததன் அறிகுறியாக அது இருக்கக்கூடும். அந்நிலையில் இளநீரை நம்பி இரண்டு மூன்று நாள் காத்திருப்பது உயிருக்கே கேடாக முடியலாம்.

பெண்களின் பேறுகாலத்தைப் பற்றியும் குழந்தைகளின் தடுப்பூசியைப் பற்றியும் நம் பஞ்சாயத்துகளில் தாராளமாகப் பேசுகிறோம். ஆண்களுக்கு வரும் இந்நோயைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. நோய் கண்ட இடம் கூச்சத்திற்குரிய இடம் என்பதே காரணம். மாட்டிற்கு மடிநோய் வந்தால் அன்றே கால்நடை மருத்துவரைத் தேடிச் செல்லும் விவசாயி, தமக்கு வந்த நோயை மனைவியிடம்கூடச் சொல்லாமல் மறைக்கிறார். இம்மௌனத்தைக் கலைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சுரப்பியின் இடமும் பணியும்

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பியாகும். அது சிறுநீர்ப் பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்கு முன்புறமாக அமைந்திருக்கிறது. வாலிபப் பருவத்தில் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம். பருமன் ஒரு பெரிய கொட்டைப்பாக்கின் அளவு எனலாம். விந்துடன் கலக்கும் நீரின் ஒரு பகுதியைச் சுரந்து தருவதே அதன் பணி.

சிறுநீர்ப் பையிலிருந்து புறப்படும் குழாய் இச்சுரப்பியின் நடுவே ஊடுருவிச் செல்கிறது. மாட்டு வண்டியின் சக்கரத்தில், குடத்தின் நடுவே அச்சு செல்வதை நாம் கண்டிருக்கிறோம். குடத்தின் மரம் ஊறி உப்பினால் அச்சு இறுகிப் போகும் அன்றோ? அதுபோலவே, சுரப்பி வீங்கினால் நடுவே செல்லும் குழாய் நெருக்குண்டு சிறுநீர் தடைப்படுகிறது. சுரப்பியில் வந்த நோய் சிறுநீர்த் தொல்லையாக வெளிப்படுவதன் காரணம் இதுவே.

இச்சுரப்பியில் மூன்று விதமான கோளாறுகள் வரலாம். முதலாவது, வயது முதிர முதிரச் சுரப்பி பெருத்துப் போதல். இது பெரும்பாலும் 50 வயதுக்கு மேற்பட்டோர்க்கு உண்டாவது. இரண்டாவது, புற்றுநோய். மூன்றாவது, நாம் இங்கே ஆராயும் அழற்சி. இது முதியோருக்கு மட்டும் உரியதன்று. 50 வயதுக்கு உட்பட்டவர்களையும் மிகுதியாகத் தாக்குகிறது. அழற்சி வேறு, புற்றுநோய் வேறு என்பதை நாம் தெளிவாக உணர வேண்டும். 'புராஸ்டேட்' என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் புற்றுநோய் என்று அஞ்சி, மருத்துவரிடம் போகாமலே இருந்து விடுவோரும் உளர். அவ்வச்சம் தேவையில்லை.

நான்கு வகைகள்

1995ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் தேசிய சுகாதாரக் கழகத்தில் கூடிய அறிஞர்கள், இவ்வழற்சியை நான்கு வகையாகப் பிரித்தனர். திடீரென்று கிருமியால் வருவது முதல் வகை. கிருமி சுரப்பியிலேயே தங்கி, திரும்பத் திரும்பத் தலைகாட்டுவது இரண்டாவது. கிருமி ஏதும் அகப்படாமலே மூன்று மாதங்களுக்கு மேல் இடுப்பின் அடிப்பகுதியில் வலி நீடிப்பது மூன்றாவது. எத்தொல்லையும் தராமல், வேறொரு சோதனையின்போது தற்செயலாகத் தெரியவருவது நான்காவது. இதற்குப் பொதுவாகச் சிகிச்சை தேவைப்படுவதில்லை. மற்ற மூன்றையும் சற்று விரிவாகக் காண்போம்.

திடீரென வரும் அழற்சி

மனிதர்களின் குடலில் இயல்பாக வாழும் 'ஈ கோலை' என்னும் கிருமியே பெரும்பாலும் இதற்குக் காரணமாகிறது. அது சிறுநீர்க் குழாய் வழியே ஏறிச் சுரப்பியை அடைகிறது. நீரிழிவு உள்ளவர்களுக்கும், சிறுநீர் இறங்கக் குழாய் செருகப்பட்டவர்களுக்கும் இவ்வாய்ப்பு அதிகம். சில சமயங்களில் உடலுறவால் பரவும் கிருமிகளும் இதை உண்டாக்குவதுண்டு.

நேற்றுவரை நன்றாக இருந்தவருக்கு இன்று உடல் நடுங்கிக் காய்ச்சல் வரும். அடிவயிறும் கீழ் முதுகும் வலிக்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றும், கழிக்கையில் எரியும், முழுவதும் இறங்காது. சிலருக்கு அடியோடு அடைத்துக்கொள்ளும். கிருமி இரத்தத்தில் கலந்து விட்டால் உடல் முழுவதும் நஞ்சேறும். ஆதலின் காய்ச்சலும் சிறுநீர்த் தொல்லையும் ஒருங்கே கண்ட ஆண்மகன் அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். சிறுநீர் முற்றிலும் அடைத்துக்கொண்டாலோ, நினைவு தடுமாறினாலோ, 108 வண்டியை அழைத்து உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே முறை.

மருத்துவர் அங்கே என்ன செய்வார்? முதலில் சிறுநீரைச் சோதனைக்கு அனுப்புவார். எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது பணியும் என்பதை அச்சோதனை காட்டும். மருந்துக் கடையில் இரண்டு மாத்திரைகளை வாங்கி விழுங்கிவிட்டுச் சென்றால் கிருமி சோதனையில் அகப்படாமல் போகலாம் என்பதை நினைவிற் கொள்க. அடுத்து, கையுறை அணிந்த விரலால் மலக்குடல் வழியே சுரப்பியை மென்மையாகத் தொட்டுப் பார்ப்பார். இதற்கு அஞ்சியே பலர் மருத்துவமனையை நாடுவதில்லை. ஒரு நிமிடத்திற்குள் முடிந்து விடும் இச்சோதனையில் மானம் போவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் இந்நிலையில் சுரப்பியை அழுத்திப் பிசையலாகாது. பிசைந்தால் கிருமி இரத்தத்தில் கலக்கும். ஆகவே இடுப்பை நீவுகிறோம், எண்ணெய் தேய்க்கிறோம் என்று வருவோரிடம் உடலை ஒப்படைக்க வேண்டாம்.

கிருமிக்கொல்லி மருந்தைப் பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் வரை உட்கொள்ள நேரும். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டு விடலாம். காய்ச்சல் விட்டது என்று மருந்தையும் விட்டு விட்டால், எஞ்சிய கிருமி சுரப்பிக்குள் ஒளிந்துகொள்ளும். களையின் தலையை மட்டும் அறுத்துவிட்டு வேரை விட்டு வைப்பதற்கு இது ஒப்பாகும்.

மற்றொரு செய்தியும் உண்டு. 'பி.எஸ்.ஏ.' என்னும் இரத்தப் பரிசோதனையின் அளவு, அழற்சியின்போது மிகவும் உயர்ந்து காணப்படும். அதைக் கண்டு புற்றுநோய் என்று முடிவு கட்டிவிடலாகாது. நோய் தீர்ந்து சில வாரங்கள் கழித்துச் சோதித்தால்தான் உண்மை நிலை தெரியும்.

சேற்றில் உழைப்போர் அறிய வேண்டியது

விவசாயிகள் தனியே தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கிருமியும் இருக்கிறது. மெலியாய்டோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும் அக்கிருமி, வெப்ப நாடுகளின் ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்கிறது. நெல் வயலின் சேறு அதற்கு ஏற்ற இடம். இந்நோயை இரங்கூனில் கண்டறிந்து 1912ஆம் ஆண்டில் உலகுக்கு எடுத்துரைத்தவர்கள், விட்மோர், கிருஷ்ணசாமி என்னும் இரு மருத்துவர்கள் ஆவர். தாய்லாந்தின் வடகிழக்குப் பகுதியில் நெல் பயிரிடும் மக்களிடையே இது மிகுதியாகக் காணப்படுகிறது. தென்னிந்தியாவிலும் இந்நோய் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கின்றனர்.

காலிலோ கையிலோ உள்ள வெட்டுக் காயத்தின் வழியாக இக்கிருமி உடலுக்குள் புகும். அசுத்த நீரைப் பருகுவதாலும், மழைக் காற்றில் பறக்கும் நுண்துளிகளைச் சுவாசிப்பதாலும் புகும். நுரையீரலைத் தாக்குவது இதன் பெருவழக்கு. எனினும், ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் உள்ள டார்வின் நகரத்தில் நடத்திய ஆராய்ச்சியில், இந்நோய் கண்ட ஆண்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் சீழ்க்கட்டி இருந்தது தெரியவந்தது. நீரிழிவு உள்ளவர்களையே இது பெரிதும் நாடுகிறது.

வழக்கமாகக் கொடுக்கப்படும் மருந்துகள் பலவற்றிற்கு இக்கிருமி பணிவதில்லை. குறைந்தது இரண்டு வாரம் ஊசி வழியாகவும், பின்னர் மூன்று மாதமோ அதற்கு மேலோ மாத்திரையாகவும் மருந்து கொடுக்க வேண்டும். சீழ்க்கட்டியை வடித்து விடவும் நேரும். ஆகவே சேற்றில் இறங்கி உழைக்கும் விவசாயி, காய்ச்சலோடு மருத்துவரிடம் செல்கையில், 'நான் வயலில் வேலை செய்பவன். எனக்குச் சர்க்கரை நோய் உண்டு' என்று கேளாமலே சொல்ல வேண்டும். அந்த ஒரு வாக்கியம் மருத்துவருக்குச் சரியான வழியைக் காட்டும். காலில் புண்ணுள்ளவர் அது ஆறும் வரையில் சேற்றில் இறங்காதிருத்தல் நலம். இறங்கியே தீரவேண்டுமெனில் புண்ணை நீர் புகாதபடி மூடி, முழங்கால் வரை உயர்ந்த ரப்பர் காலணி அணிய வேண்டும்.

திரும்பத் திரும்ப வருவது

சிலருக்குச் சிறுநீர் எரிச்சல் மருந்தால் தீரும். சில வாரங்களில் மீண்டும் வரும். சோதித்தால் அதே கிருமியே அகப்படும். சுரப்பிக்குள் மருந்து எளிதில் ஊடுருவாததால் கிருமி அங்கே தங்கி விடுகிறது. இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் வரை தொடர்ந்து மருந்து உண்ண வேண்டியிருக்கும். எதற்கும் கட்டுப்படாமல் நீடித்தால், காசநோய் இச்சுரப்பியையும் தாக்கக்கூடும் என்பதால், அதற்கான சோதனையையும் மருத்துவர் செய்வார். கடையில் தாமாகவே வாங்கி உண்ணும் சில கிருமிக்கொல்லிகள் காசநோயைத் தீர்க்காமல், அதன் அடையாளத்தை மட்டும் சிறிது காலம் மறைத்து விடும். கண்டபடி மருந்து உண்ணலாகாது என்று நாம் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிருமி இல்லாத வலி

புராஸ்டேட் அழற்சி என்று சொல்லப்படுவோருள் பத்தில் ஒன்பது பேர் இவ்வகையினரே. மாதக் கணக்கில் இடுப்பின் அடியில் வலி, சிறுநீர் கழிக்கையில் ஒரு சங்கடம், விந்து வெளிப்படுகையில் நோவு ஆகியவை இருக்கும். சோதனையில் கிருமி இராது. இடுப்பின் அடித்தளத் தசைகள் இறுகிப் போவதும், நரம்புகள் மிகையாக உணர்வதும், மனக்கவலையும் இதில் பங்கு கொள்கின்றன. வலி கற்பனையன்று; உண்மையானதே. ஆனால் இது உயிருக்கு ஆபத்தானதன்று. இது புற்றுநோயாக மாறும் என்பதற்கும் சான்று இல்லை.

இத்தகையோரே போலி வைத்தியர்களின் வலையில் எளிதில் வீழ்கின்றனர். இளமையில் செய்த தவற்றால் நரம்பு தளர்ந்தது, விந்து வீணானது என்று அச்சுறுத்தி, லேகியமும் பஸ்பமும் விற்றுப் பணம் பறிப்போர் பலர். ஒரு போகத்தின் வருவாயை இவர்களிடம் இழந்த குடும்பங்கள் உண்டு. பணம் போவதோடு, குற்ற உணர்ச்சியும் சேர்ந்து வலியை வளர்க்கிறது. இதற்குப் பொருந்தும் சிகிச்சை வேறு: குழாய்த் தசையைத் தளர்த்தும் மாத்திரை, வலி நீக்கும் மருந்து, இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் தசைப் பயிற்சி ஆகியவை. வீட்டில், அகன்ற தொட்டியில் பொறுக்கக்கூடிய வெந்நீர் நிரப்பி, 10 அல்லது 15 நிமிடம் இடுப்பளவு அமர்ந்திருந்தால் இதம் கிடைக்கும். டிராக்டரிலும் இருசக்கர வண்டியிலும் நெடுநேரம் அமர்ந்திருப்போர் இடையிடையே இறங்கி நடக்க வேண்டும். காரமும் மதுவும் தொல்லையை மிகுவித்தால் அவற்றைக் குறைப்பது நலம்.

பஞ்சாயத்து செய்யக்கூடியவை

முதலாவதாக, அக்டோபர் 2ஆம் நாள் கூடும் கிராம சபை, வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாக வருகிறது. அன்று சுகாதார நிலைய மருத்துவரை அழைத்து, ஆண்களின் சிறுநீர் நோய்களைப் பற்றியும் சேற்றுப் புண்ணைப் பற்றியும் பேசச் செய்யலாம். பலர் கேட்க ஒருமுறை பேசப்பட்ட நோய், பிறகு மறைக்கப்படுவதில்லை.

இரண்டாவதாக, பெண் செவிலியரிடம் சொல்ல நாணும் ஆண்கள், சுகாதார ஆய்வாளரிடம் தனியே சொல்லலாம் என்பதை ஊரறியச் செய்ய வேண்டும்.

மூன்றாவதாக, ஊரில் நீரிழிவு உள்ளோர் மழைக்கு முன்பே இரத்தச் சர்க்கரையைப் பரிசோதித்துக்கொள்ளும்படி தூண்ட வேண்டும். மேல்நிலைத் தொட்டியின் நீரில் தவறாது குளோரின் கலக்கப்படுகிறதா என்று உறுப்பினர்கள் நேரில் கண்காணிக்க வேண்டும்.

நான்காவதாக, துணையற்ற முதியவர் ஒருவர் சிறுநீர் அடைத்துத் துன்புறுவதாகத் தெரிந்தால், அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதை அந்த வார்டு உறுப்பினர் தம் கடமையாகக் கொள்ள வேண்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

எரிச்சல் மட்டும் கண்டால் நீர் நிறையப் பருகிப் பார்க்கலாம். ஒரு நாளில் தணியாவிடில் மருத்துவரைக் காண வேண்டும். எரிச்சலோடு காய்ச்சல் வந்தால் அன்றே செல்ல வேண்டும். சிறுநீர் அடைத்தால் அந்த நேரமே செல்ல வேண்டும். தொடங்கிய மருந்தைச் சொன்ன நாள் வரையில் உண்ண வேண்டும். காயத்தோடு சேற்றில் இறங்கலாகாது.

குடும்பத் தலைவர் படுத்துவிட்டால் நடவும் நிற்கும், அறுவடையும் நிற்கும். கூச்சத்தை ஒரு நாழிகை ஒதுக்கி வைத்தால் ஒரு குடும்பம் காப்பாற்றப்படும். அக்கூச்சத்தை ஒதுக்கும் துணிவை ஊராருக்கு ஊட்டுவது பஞ்சாயத்து உறுப்பினர்களாகிய நம் கையில் இருக்கிறது.