ஸ்னாப்டிராகன் மீது விழுந்த பழி

மே மாத மலர்க் கண்காட்சியில் ஊட்டி தாவரவியல் பூங்காவைச் சுற்றிவிட்டு வருகிறவர்கள், ஸ்னாப்டிராகனை மலையோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். சமவெளியில் அது வராது, ரொம்ப மென்மையான செடி, கொழுத்த மண் கேட்கும், விதை போட்டால் முளைக்காது என்று நம்பிக்கைகள் அதைச் சுற்றிப் படர்ந்துவிட்டன. இவை அத்தனைக்கும் காரணம் ஒன்றுதான்: இந்தச் செடி எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஸ்பெயினிலும் தெற்குப் பிரான்சிலும், மத்தியதரைக் கடலை ஒட்டிய பகுதிகளில், பாறை இடுக்குகளிலும் இடிந்த பழைய சுவர்களிலும் யாரும் நடாமல் முளைப்பது இது. அங்கே கோடை வறண்டு கிடக்கும். மழை பெய்வது குளிர்காலத்தில். வெயில், வேரில் தேங்காத நீர், குளுமையான இரவு ஆகிய மூன்றும்தான் அதன் தேவை. மலை உயரம் அந்தப் பட்டியலில் இல்லை.

விதையிலிருந்தே தொடங்கலாம், ஏனென்றால் பெரும்பாலான தோல்விகள் அங்கேதான் நடக்கின்றன. ஒரு கிராமில் ஆறாயிரத்துக்கும் மேல் விதைகள் இருக்கும். தூள் போன்ற இந்த விதையைக் கீரை விதைபோல் மண் தூவி மூடிவிட்டு, இரண்டு வாரம் கழித்து விதைமேல் பழி போடுகிறோம். காய்ந்த காயைப் பாருங்கள். அதன் முனையில் துளைகள் விழுந்து, சின்ன மண்டை ஓடுபோலத் தெரியும். ஐரோப்பாவில் முன்பு இதைச் சூனியத்துக்குக் காப்பு என்றுகூட நம்பினார்கள். அந்தத் துளைகளின் வேலை வேறு. காற்றில் தண்டு ஆடும்போது அவற்றின் வழியே விதை உதிர்ந்து நிலத்தின் மேலேயே கிடக்கும். அப்படியே முளைத்துப் பழகிய விதைக்கு வெளிச்சம் வேண்டும். குழித்தட்டில் ஈரமான கோகோபீட்டின் மேல் தூவி, லேசாக அழுத்திவிட்டால் போதும். 18 முதல் 21 டிகிரி வெப்பத்தில் ஒன்று அல்லது இரண்டு வாரத்தில் முளைக்கும். மேலே கிடந்தால் காய்ந்துபோகாதா, எறும்பு இழுக்காதா என்று கேட்பது நியாயமே. அதற்கு, மூடிவைக்க ஒளி புகும் கண்ணாடித் தாள் போதும், மண் தேவையில்லை. தண்ணீரையும் பூவாளியால் ஊற்றாமல் தட்டின் அடியிலிருந்து உறிஞ்சவிட வேண்டும். முளை தெரிந்ததும் தாளை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாற்றழுகல் வரும்.

சமவெளியில் வராது என்பதில் பாதி உண்மை உண்டு. கோடையில் வராது. இரவு வெப்பம் 10 முதல் 16 டிகிரிவரை இருக்கும்போதுதான் தண்டு தடித்துப் பூங்கொத்து நீளும். ஜனவரி இரவுகளில் சுமார் 15 டிகிரிக்கு இறங்கும் பெங்களூரு இதற்கு நன்றாகவே பொருந்துகிறது. வட இந்தியச் சமவெளித் தோட்டங்களில் செப்டம்பர், அக்டோபரில் விதைத்து, குளிர்காலம் முடியும்வரை பூப்பார்ப்பது வெகுநாள் வழக்கம். நம்மூரில் சிக்கல் வேறு: அதே மாதங்களில் வடகிழக்குப் பருவமழை வந்துவிடும். ஆகவே நாற்றுகளை மழை படாத, ஆனால் வெளிச்சம் குறையாத இடத்தில் வளர்த்து, மழை ஓய்ந்ததும் வெயிலுக்கு மாற்றுவதே வழி. ஜனவரியிலும் இரவு 20 டிகிரியை ஒட்டியே நிற்கும் சென்னையில் கண்காட்சித் தரத்தை எதிர்பார்க்கக் கூடாது. குட்டை ரகங்களைத் தொட்டியில் வைத்தால், பருவம் சுருங்கினாலும் பூ கிடைக்கும்.

செடி பிடித்த பிறகு நடக்கும் கெடுதல் பெரும்பாலும் பாசத்தால் வருவது. தழைச்சத்து மிகுந்தால் இலை செழித்துத் தண்டு சாயும். தினமும் ஊற்றினால் வேர் அழுகும். பசுமைக்குடிலில் உரம் கொடுத்துத்தானே வளர்க்கிறார்கள் என்று மறுக்கலாம். கொடுக்கிறார்கள், ஆனால் நீர் உடனே வடியும் கலவையில், அளந்து கொடுக்கிறார்கள். நுனி கிள்ளினால் பூ போய்விடும் என்ற அச்சமும் இப்படித்தான். நாற்று நான்கு விரல் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினால் பூப்பது சில வாரம் தள்ளிப்போகும். பதிலுக்கு ஒரு தண்டு நின்ற இடத்தில் நாலைந்து தண்டு எழும். ஒரே நீளத் தண்டு தேவைப்படும் வணிகச் சாகுபடியாளர்கள் கிள்ளாமல் விடுவதும் உண்டு, வீட்டுத் தோட்டத்துக்கு அது பொருந்தாது. வாடிய பூக்களைக் காயாக விடாமல் வெட்டிவிட்டால் மறுபடி பூக்கும்.

இலையின் அடியில் பழுப்புத் தூளாகத் தெரிவது துரு நோய். சத்துக் குறைவு என்று நினைத்து இன்னும் உரம் போடுவது வீண். அது பூஞ்சை, இலை பல மணி நேரம் ஈரமாக இருந்தால்தான் அதன் வித்து முளைக்கும். காலையில், வேர்ப்பகுதியில் மட்டும் தண்ணீர் விட்டு, செடிகளுக்கிடையே காற்றுப் போக இடம் வைத்தாலே பாதி தடுத்துவிடலாம். இது ஓராண்டோடு மடியும் செடி என்பதும் சரியல்ல, சில ஆண்டுகள் வாழக்கூடியதே. கோடை கடுமையில்லாத மலைப்பகுதியில் வெட்டிவிட்டு மறுபருவத்துக்கு வைத்திருக்கலாம். ஆனால் முதிர்ந்த செடியில் துரு தங்கிப் பரவும் என்பதால், ஆண்டுதோறும் புது நாற்று விடுவதே மேல்.