பழைய படகை எப்போது மாற்றுவது?

தம்பி, மயிலிட்டித் துறையில் நீ தொழில் தொடங்கப்போகிறாய் என்று கேட்டதும் மனம் குளிர்ந்தது. 1990இல் போரால் நாங்கள் விட்டுப்போன துறை அது. 2017 யூலையில்தான் திரும்பக் கிடைத்தது. உன் கைக்கு வருவது பழைய பைபர் படகு. அதை எப்போது மாற்றலாம் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

1. வயதை வைத்து முடிவெடுக்காதே. வாங்கியபின் யாரும் திரும்பிப் பாராத புதுப் படகைவிட, ஒவ்வொரு வாடைக்கும் கரையேற்றிப் பழுது பார்த்த பழையது மேல்.

2. பைபர் தன் வருத்தத்தை வெளியே காட்டாது. மரக்கலத்தில் பலகை இடுக்கு கசிந்தே சொல்லிவிடும். உளுத்த பலகையைக் கழற்றி வேறு போடலாம். வல்வெட்டித்துறையில் கட்டி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை ஓடிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலும் மரந்தான். பைபரோ மேலே பளபளக்கும். உள்ளே வைத்த மரம் ஊறிப்போயிருக்கும். சுத்தியல் பிடியால் அணியத்திலிருந்து தட்டிக்கொண்டே வா. கணீரென்றால் நல்லது. பொத்தென்று அமுங்கினால் உள்ளே பிரிந்துவிட்டது. எஞ்சின் பூட்டும் பின்பலகையைத்தான் கூடக் கவனிக்கவேண்டும். எஞ்சினைப் பிடித்து ஆட்டு; பலகையும் கூட ஆடினாலோ, ஆணித்துளையில் மண்ணிறத் தண்ணீர் கசிந்தாலோ அன்றைக்குக் கடலுக்குப் போகாதே. வழக்கமாக இழுக்கும் ஆட்களால் படகு கரையேற மறுத்தால் அது தண்ணீர் குடித்திருக்கிறது. அதற்கு மேல் ஒட்டுப்போட்டுக் காலம் கடத்தாதே, மாற்று.

3. எஞ்சினின் கிழட்டுத்தனத்தைப் படகின் தலையில் போடாதே. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. எண்ணெயை அள்ளிக் குடிக்கும் பழைய எஞ்சின்கள் அன்றிலிருந்து பிடித்த மீனின் காசையும் சேர்த்தே குடித்தன. எண்ணெய்க் கணக்கைக் கொப்பியில் எழுது. அதே தூரத்துக்கு மாதாமாதம் கூடினால், முதலில் எஞ்சினைத் திறந்து காட்டு. நாளாந்தம் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவு. சோம்பலால் செத்த எஞ்சின்கள்தான் அதிகம்.

4. பக்கத்துப் படகைப் பார்த்து ஆசைப்படாதே. விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும். எங்கள் கரையில் ஒருவர் பெரிய எஞ்சினுக்காக மீன் முதலாளியிடம் முற்பணம் வாங்கினார். பிறகு அவர் பிடித்த மீனுக்கெல்லாம் முதலாளி சொன்னதே விலை. எஞ்சின் நன்றாகத்தான் ஓடியது.

5. பங்குக்கு வருகிறவனிடம் கேள். "பரவாயில்லை அண்ணை" என்றுதான் சொல்வான். வேலை போய்விடும் என்ற பயம். அந்தச் சொல்லை நம்பாமல், ஒரு கடலுக்கு எத்தனை தடவை வாளி எடுத்துத் தண்ணீர் இறைக்கிறான் என்று பார். படகு உன்னுடையதாக இருக்கலாம், உயிர் அவனுடையது.

6. பழையதை விற்கும்போது பூச்சடித்து மறைக்காதே. அப்படி விற்ற படகொன்று கை மாறி, விற்றவரின் ஊர்ப் பையன் ஒருவனிடமே வந்து சேர்ந்ததைக் கண்டிருக்கிறேன். பொத்தென்ற இடத்தை வாங்குபவனுக்கு நீயே தட்டிக் காட்டு. விலை குறையும், குறையட்டும்.

வாடை தொடங்கமுன் படகைக் கரையேற்றிக் கவிழ்த்து வை. நானும் வருகிறேன், சேர்ந்து தட்டிப் பார்ப்போம்.