பட்டாளத்து லாரி வாங்கப் போறீங்களா? முதல்ல காகிதத்தைப் பாருங்க

கடலூர் – சிதம்பரம் சாலையோரம் உள்ள சிப்காட் தொழிற்பேட்டைக்குச் சரக்கு ஓட்டுபவர்களுக்கு மழைக்காலம் ஒரு சோதனை. 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கரை கடந்த ஊர் இது. உயரமான, நாலு சக்கரமும் இழுக்கும் ராணுவ லாரி ஒன்று கையில் இருந்தால் தேவலைன்னு தோன்றுவது இயல்புதான். ஜபல்பூர் ஆலையில் தயாரான சக்திமான், அசோக் லேலண்ட் ஸ்டாலியன் போன்றவை இன்றும் பலரின் ஆசை வண்டிகள்.

ஆசை வந்ததும் போனில் தேடுவீர்கள். அங்கேதான் முதல் ஆபத்து. சீருடைப் படம், அடையாள அட்டை, “டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சு, அவசரமா விக்கிறேன், அட்வான்ஸ் போடுங்க” என்று ஒருவர் பேசினால் போனை வைத்துவிடுங்கள். ராணுவத்தின் லாரியைத் தனி ஆள் யாரும் விற்க முடியாது. கழித்த வண்டிகள் எம்.எஸ்.டி.சி. போன்ற அரசு நிறுவனத்தின் மின்னேலம் வழியாகவே வரும். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

ஏலத்தில் வண்டி ‘உள்ளது உள்ளபடி’தான் கிடைக்கும். பிறகு புகார் சொல்ல இடமில்லை. எனவே பார்வையிட அனுமதிக்கும் நாளில் மெக்கானிக்கோடு நேரில் போங்க.

அதைவிட முக்கியம், லாட் விவரத்தில் ‘ஸ்கிராப்’ என்று போட்டிருக்கிறதா என்பது. 15 ஆண்டு தாண்டிய அரசு வண்டிகளின் பதிவை 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்க முடியாது. போர்ப் பணிக்கான சிறப்பு வண்டிகளுக்கு விலக்கு உண்டு. ஸ்கிராப் லாட்டை எடுத்தால், எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அது இரும்புதான், சாலைக்கு வராது. சாலையில் ஓட்டத்தான் வாங்குகிறீர்கள் என்றால் ராணுவ அதிகாரி கையெழுத்திட்ட படிவம் 21 விற்பனைச் சான்று கிடைக்குமா என்று பணம் கட்டும் முன்பே கேட்டுடுங்க. அந்த அசல் இல்லாமல் கடலூர் ஆர்.டி.ஓ. ஆபீஸிலும் சரி, சிதம்பரத்திலும் சரி, பதிவு நடக்காது. பதிவுக்கு முன் ஓட்டிக்கொண்டு வரவும் கூடாது; தற்காலிகப் பதிவு வாங்குங்க, இல்லைன்னா டிரெய்லரில் ஏற்றி வாங்க.

அந்த ஆலிவ் பச்சை நிறம் அழகுதான், ஆனால் அது பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே. வேறு நிறம் அடித்தாக வேண்டும். ராணுவ எண்ணையும் அழிக்கணும். எஃப்.சி., இன்சூரன்ஸ் இரண்டும் கட்டாயம். கார் லைசென்ஸ் மட்டும் வைத்துக்கொண்டு இதில் ஏறாதீங்க. மொத்த எடை 12 டன் தாண்டினால் கனரக வகை. சரக்கு வாகன லைசென்ஸுக்கு 20 வயதும், கார் லைசென்ஸில் ஓராண்டும் முடிந்திருக்க வேண்டும்.

ஓட்டும்போது இது வேறு மாதிரி வண்டி. பழைய மாடல்களில் கியர் மாற்ற கிளட்சை இரண்டு முறை மிதிக்க வேண்டியிருக்கும். ஸ்டீயரிங் கையை வலிக்க வைக்கும். ஏர் பிரேக் உள்ள வண்டியில் காற்றழுத்த முள் போதிய அளவுக்கு ஏறும்வரை நகர்த்தவே கூடாது. டேங்கில் சேரும் தண்ணீரைத் தினமும் வடித்துவிடுங்க. முன் அச்சை இணைக்கும் லீவரை சேற்றில் மட்டும் போடுங்க. காய்ந்த தார்ச்சாலையில் போட்டுத் திருப்பினால் பல்சக்கரங்கள் இறுகும், திருப்பமும் கைக்கு அடங்காது. ரொம்ப நாள் நின்ற வண்டி என்றால் டயர் பட்டன் தேயாமல் புதுசு மாதிரி தெரியும். பக்கவாட்டில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்க. கடல் காற்றில் சேஸிஸ் துரு சீக்கிரம் ஏறும், அடியில் படுத்துப் பாருங்க.

சிப்காட் ஆலைகளின் ரசாயன லோடு கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருந்தால், ஓட்டுநருக்கு அபாயகரப் பொருள் பயிற்சிச் சான்றும் லைசென்ஸில் அதற்கான பதிவும் தனியாக வேண்டும்.